சோர்விலிருந்து எழுந்த துகாராம் மகராஜ்

மும்பையிலிருந்து புணே நோக்கிச் செல்லும் ரயில், லோணாவளா மலைப்பகுதியைக் கடந்தபின் தளேகாவ் என்னும் ஊரை அடைகிறது. மராட்டியப் படைத் தலைவர்களான தாபாடே குடும்பத்தாருக்கு உரிய ஊராக இருந்தமையால், தளேகாவ் தாபாடே என்பது அதன் முழுப்பெயர். ஊருக்கு வடபால் இந்திராயணி நதி ஓடுகிறது. நதியைக் கடந்து, இந்தூரி கிராமத்தின் வழியாகச் சாகண் செல்லும் சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் பண்டாரா மலை தென்படும். தளேகாவுக்குத் தென்கிழக்கே, நெடுஞ்சாலையை ஒட்டிக் கோராடேஷ்வர் குன்று நிற்கிறது. இரண்டிலும் பழங்காலத்துப் பௌத்தத் துறவிகள் குடைந்த குகைகள் உள்ளன.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இம்மலைகளின் தனிமையை நாடி ஓர் இளைஞர் வந்தார். அவர் வாணிகத்தில் நொடித்துப் போனவர். பஞ்சத்தில் மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவர். ஊரார் முகத்தில் விழிக்கக் கூசியவர். எதைச் செய்வதற்கும் மனம் எழாத நிலையில் இருந்த அவரே பின்னாளில் மகாராஷ்டிரம் முழுவதும் போற்றும் துகாராம் மகராஜ் ஆனார்.

துகாராமரின் பெயர் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. தமிழகத்துப் பஜனைக் கூடங்களில் அவரது அபங்கங்கள் ஒலிக்கின்றன. 1938இல் முசிறி சுப்பிரமணிய ஐயர் துகாராமராக நடித்த தமிழ்த் திரைப்படமும் வெளிவந்தது. ஆயினும் பாண்டுரங்கனின் அருள் பெற்ற மகானாகவே அவரை நாம் அறிவோம். அந்நிலையை அடைவதற்கு முன் அவர் கடந்து வந்த இருளையும், அதிலிருந்து அவர் எப்படிப் படிப்படியாக எழுந்தார் என்பதையும் பலர் அறியார். மனம் தளர்ந்தோர் அனைவருக்கும் பயன்படக்கூடியது வாழ்வின் அப்பகுதிதான்.

பிறந்த குடி

இந்திராயணிக் கரையில், தளேகாவுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தேஹு என்னும் சிற்றூர் துகாராமரின் பிறப்பிடம். பிறந்த ஆண்டு குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1608 என்பதே பலரும் ஏற்பது. தந்தை போல்ஹோபா, தாய் கனகாயி. அண்ணன் சாவ்ஜி, தம்பி கான்ஹோபா. வேளாண் குடியில் பிறந்த அவர்கள் சிறு வாணிகமும் கொடுக்கல் வாங்கலும் செய்து வந்தனர். ஊர்ச் சந்தையை மேற்பார்க்கும் மகாஜன் என்னும் உரிமையும் அக்குடும்பத்துக்கு இருந்தது.

செல்வத்தினும் மேலாக அவர்கள் போற்றியது விட்டல பக்தி. எட்டுத் தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்த விசுவம்பரர் என்ற முன்னோர் தேஹுவில் விட்டலனுக்குக் கோயில் எடுத்தார் என்பது மரபு. ஆண்டுதோறும் பண்டரிபுரத்துக்கு நடந்து செல்லும் வார்க்கரி நெறி அக்குடும்பத்தில் வழிவழியாக வந்தது.

மூத்தவரான சாவ்ஜி துறவு மனம் கொண்டவர். ஆதலால் குடும்பப் பொறுப்பு இளமையிலேயே துகாராமரின் தோள்மீது விழுந்தது. முதல் மனைவி ரக்குமாபாய் மூச்சிரைப்பு நோயால் வாடியவர். ஆகவே பெரியோர்கள் புணேயைச் சேர்ந்த ஜிஜாபாயை இரண்டாவதாக மணம் முடித்து வைத்தனர். ஆவளி என்றும் அழைக்கப்பட்ட அப்பெண், வசதியான வீட்டில் பிறந்தவர். சில காலம் வீட்டில் எல்லாம் நிறைந்திருந்தன. கடையும் கணக்கும் ஒழுங்காக நடந்தன.

அடுக்கடுக்காக வந்த இழப்பு

துகாராமருக்கு 17 வயது ஆனபோது பெற்றோர் மறைந்தனர் என்பர். அண்ணி இறந்தார். அண்ணன் சாவ்ஜி வீட்டைத் துறந்து தீர்த்த யாத்திரை சென்றார், அவர் திரும்பவில்லை. யாருடைய நிழலில் வளர்ந்தாரோ அவர்கள் அனைவரும் சில ஆண்டுகளுக்குள் இல்லாமற் போயினர்.

அதன் பின்னர் பஞ்சம் வந்தது. 1630இல் குஜராத்திலும் தக்காணத்திலும் பருவமழை பொய்த்தது. அதைத் தொடர்ந்து 1632 வரை நீடித்த பெரும் பஞ்சம் இந்திய வரலாற்றின் மிகக் கொடிய பஞ்சங்களுள் ஒன்று. அப்போது புர்ஹான்பூரில் முகாமிட்டிருந்த ஷாஜகானின் அரசவை வரலாற்றாசிரியர் அப்துல் ஹமீது லாஹோரி அதன் கொடுமையைப் பதிவு செய்திருக்கிறார். சூரத்திலிருந்து ஆக்ரா நோக்கிப் பயணம் செய்த ஆங்கிலேயர் பீட்டர் மண்டியும் வழியெங்கும் கண்ட துயரக் காட்சிகளை எழுதி வைத்தார். புணே வட்டாரம் அதே காலத்தில் போராலும் சீரழிந்திருந்தது. சிவாஜி மகாராஜ் சிவனேரிக் கோட்டையில் பிறந்த 1630ஆம் ஆண்டில் அந்நாட்டின் நிலை இதுவாக இருந்தது.

தேஹுவும் தப்பவில்லை. கடனாகக் கொடுத்த பணம் திரும்பவில்லை. மாடுகள் மடிந்தன. கடை மூடப்பட்டது. நோயாளியான ரக்குமாபாய் உணவின்றித் தவித்து உயிர் நீத்தார். அவரைத் தொடர்ந்து மூத்த மகன் சந்துவும் இறந்தான். அந்நாளில் துகாராமருக்கு வயது இருபதைச் சற்றுக் கடந்திருக்கும்.

வெட்கம் என்னும் சுமை

துயரம் ஒருவரை அழுத்தும்போது, அதனுடன் வெட்கமும் சேர்ந்துகொள்வது உண்டு. துகாராமருக்கு நேர்ந்ததும் அதுவே. மகாஜன் வீட்டுப் பிள்ளை நொடித்துப் போனான் என்று ஊர் பேசியது. மீண்டும் தொடங்கிய சிறு வாணிகங்களும் நட்டத்தில் முடிந்தன. மனைவியைப் பசிக்குப் பறிகொடுத்த கணவன் என்னும் குற்ற உணர்வு அவரை வாட்டியது.

இவற்றை நாம் ஊகித்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. பிற்காலத்தில் அடியார்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, துகாராமரே ஓர் அபங்கத்தில் தம் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். தம்மைப் பற்றிப் பேசுவது தகாது என்ற தயக்கத்தோடே அதைத் தொடங்குகிறார். பஞ்சம் தம் செல்வத்தையும் மதிப்பையும் பறித்ததை அதில் மறைக்கவில்லை. மனைவி உணவுக்கு ஏங்கி இறந்ததை மறைக்கவில்லை. வாணிகம் நட்டப்பட்டதையும், தாம் நாணித் துன்புற்றதையும் மறைக்கவில்லை. மகான் என்று உலகம் வணங்கத் தொடங்கிய பின்னரும், தம் வீழ்ச்சியை அவர் வெளிப்படையாகச் சொன்னார். மனத்தளர்ச்சி மறைக்க வேண்டிய இழுக்கு அன்று என்பதை அவரது இந்த நேர்மையே நமக்கு உணர்த்துகிறது.

மலையின் மௌனம்

இல்லத்தில் இருப்புக் கொள்ளாத துகாராமர் மலைகளை நாடினார். பாம்சந்திர மலை, பண்டாரா மலை, கோராடேஷ்வர் குன்று ஆகிய மூன்றும் அவர் தனித்திருந்த இடங்கள் என மரபு கூறுகிறது. முதலில் அவர் பாம்சந்திர மலைக்குச் சென்று ஊண் உறக்கமின்றிப் பல நாட்கள் கிடந்தார். அவரைக் காணாமல் தம்பி கான்ஹோபா காடு மேடெல்லாம் தேடி அலைந்தார். இறுதியில் கண்டுபிடித்துக் கீழே அழைத்து வந்தார்.

அதன்பின் இந்திராயணிக் கரையில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி புகழ்பெற்றது. தந்தை காலத்துக் கடன் பத்திரங்களைத் துகாராமர் கொண்டுவரச் செய்தார். அவற்றை இரு பங்காக்கித் தம்பியின் பங்கை அவரிடமே கொடுத்தார். தம் பங்கை ஆற்றில் எறிந்தார். பஞ்சத்தில் அடிபட்ட ஊராரிடம் இனி எதையும் கேட்பதில்லை என்பது அவர் முடிவு. அதே நேரத்தில் குடும்பமுள்ள தம்பியின் உரிமையில் அவர் கை வைக்கவில்லை. தம் துறவுக்காகப் பிறரைத் துன்பத்தில் ஆழ்த்தக் கூடாது என்ற நிதானம் அந்தச் சோர்விலும் அவரிடம் இருந்தது.

மலையில் மரங்களும் கொடிகளும் பறவைகளும் அவருக்கு உறவாயின. யாரும் கேள்வி கேட்காத இடம் அது. எனினும் தனிமை மட்டுமே அவரைக் குணப்படுத்திவிடவில்லை. கைகளுக்கு ஒரு வேலையும், சேர்ந்து நிற்க ஒரு கூட்டமும் கிடைத்த பிறகே மாற்றம் தொடங்கியது.

இடிந்த கோயில்

முன்னோர் எடுத்த விட்டலன் கோயில் அப்போது இடிந்து கிடந்தது. அதைச் சீர்செய்ய வேண்டும் என்ற எண்ணம் துகாராமருக்குத் தோன்றியது. தமது வரலாற்றைச் சொல்லும் அபங்கத்தில், துயரங்களை அடுக்கியபின் முதல் செயலாக அவர் குறிப்பிடுவது இதைத்தான். பெரிய சங்கற்பம் எதையும் அவர் அங்கே பேசவில்லை. கோயில் பழுதுபட்டிருந்தது, மனத்தில் பட்டதைச் செய்தேன் என்னும் அளவில் நிறுத்திக்கொள்கிறார்.

கூலிக்கு ஆள் வைக்கப் பணம் ஏது? தாமே கல் சுமந்து, மண் குழைத்து, சுவர் எழுப்பினார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். துக்கத்தில் மூழ்கியவனால் துக்கத்தை எண்ணத்தால் விரட்ட முடிவதில்லை. ஆனால் ஒரு கல்லைத் தூக்கி மற்றொரு கல்லின்மேல் வைக்க முடியும். நேற்று இல்லாத ஒரு சுவர் இன்று இருக்கிறது என்பதைக் கண் காணும். மனம் நம்ப மறுப்பதைக் கை முதலில் நம்புகிறது. நொடித்துப்போன வணிகர் பல மாதங்களுக்குப் பின் முடித்துக் காட்டிய முதல் காரியம் அந்தக் கோயில்தான்.

பின்பாட்டுக்காரர்

கோயில் எழுந்ததும், ஏகாதசி நாட்களில் கீர்த்தனம் செய்யத் தொடங்கினார். இங்கும் அவர் ஓர் உண்மையைச் சொல்கிறார்: தொடக்கத்தில் அவர் மனம் பயிற்சியில் ஒன்றவில்லை. பக்தி பெருக்கெடுத்து அதன் பின் அவர் பாட வரவில்லை. மனம் ஒட்டாத நிலையிலேயே பாட வந்தார்.

சொந்தமாகச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. ஆகவே தமக்கு முன் வாழ்ந்த ஞானிகளின் சொற்களை நம்பிக்கையோடும் மரியாதையோடும் மனப்பாடம் செய்தார். ஞானேசுவரர், நாமதேவர், ஏகநாதர், கபீர்தாசர் ஆகியோரின் நூல்களை அவர் பயின்றதாக, 18ஆம் நூற்றாண்டில் அடியார் வரலாறுகளை எழுதிய மகிபதி குறிப்பிடுகிறார். முன்னே நின்று பாடுவோருக்குப் பின்னே நின்று பல்லவியைத் திருப்பிப் பாடும் பின்பாட்டுக்காரராக அவர் இருந்தார். பின்பாட்டுப் பாடுபவருக்குப் பெருமை ஏதும் இல்லை. முன்னவர் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டால் போதும். தம்மால் தனித்துப் பாட முடியாத நாட்களில், பிறர் குரல் அவரைத் தாங்கிச் சென்றது.

அதோடு உடலால் இயன்ற உதவிகளைப் பிறருக்குச் செய்தார். வழிப்போக்கர்களின் சுமையைச் சுமந்தார், நோயுற்றோருக்குப் பணிவிடை செய்தார் என்று மகிபதி விவரிக்கிறார். கோயில் வேலை, மனப்பாடம், பின்பாட்டு, சிறு சேவை: இவை நான்கும் மனஎழுச்சி வரட்டும் என்று காத்திராமல் செய்யத் தக்கவை. உற்சாகம் வந்த பிறகு செயல் என்று நாம் எண்ணுகிறோம். துகாராமரின் வாழ்வில் செயல் முன்னே நடந்தது. உற்சாகம் அதன் பின்னே மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

ஊற்று திறந்தது

மாக மாதத்து வளர்பிறைத் தசமியில், ஒரு வியாழக்கிழமை, பாபாஜி சைதன்யர் என்னும் குரு கனவில் தோன்றி உபதேசம் அளித்ததாகத் துகாராமர் கூறுகிறார். ராம கிருஷ்ண ஹரி என்னும் திருநாமமே அந்த உபதேசம். இன்றும் வார்க்கரிகள் அதையே ஜபிக்கின்றனர். மற்றொரு கனவில் பாண்டுரங்கனோடு நாமதேவர் வந்து, தாம் பாடி முடிக்காமல் விட்ட பாடல்களைப் பாடும் பணியைத் துகாராமரிடம் ஒப்படைத்தார்.

அதன்பின் கவிதை பெருகியது. பின்பாட்டுப் பாடியவர் முன்னின்று பாடலானார். தேஹுவிலும் தாயாரின் ஊரான லோஹகாவிலும் அவரது கீர்த்தனத்தைக் கேட்க மக்கள் திரண்டனர். சாகணைச் சேர்ந்த எண்ணெய் வாணிகர் சந்தாஜி ஜகனாடேயும், கங்காராம் மவாளரும் அவரது அபங்கங்களை எழுதி வைத்தனர். தளேகாவுக்கு அருகில் உள்ள சுதும்பரே கிராமத்தில் சந்தாஜியின் சமாதி இருக்கிறது. துகாராமரின் பெயரால் வழங்கும் அபங்கங்கள் ஏறத்தாழ 4,500. கடை, தராசு, பேரேடு, வயல், களம், பசி, கடன் என அவர் வாழ்ந்து பட்ட உலகமே அவற்றில் பேசுகிறது.

சோறு சுமந்த ஜிஜாபாய்

துகாராமரின் வரலாற்றைச் சொல்வோர் பலர் ஜிஜாபாயைக் கடுஞ்சொல் பேசும் மனைவியாகவே காட்டிவிட்டனர். அவர் பக்கமும் எண்ணிப் பார்க்கத் தக்கது. கணவர் மலையில், வீட்டில் குழந்தைகள், அடுப்பில் வைக்க அரிசி இல்லை. வசதியான வீட்டில் பிறந்த அப்பெண் தம் பெயரில் கடன் வாங்கிக் கணவரை மீண்டும் வாணிகத்துக்கு அனுப்பினார். அந்தப் பணத்தில் கிடைத்ததையும் துன்பப்பட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார் துகாராமர். கோபம் வராமல் இருக்குமா?

ஆனால் அவர் ஒரு விரதத்தைக் கைவிடவில்லை. கணவர் உண்ணாமல் தாம் உண்பதில்லை. ஆற்றைக் கடந்து, வெயிலில் பண்டாரா மலை ஏறி, குகை குகையாகத் தேடிச் சென்று அவருக்கு உணவு கொடுத்தார். ஒருநாள் வழியில் முள் தைத்து அவர் துடித்தபோது, பாண்டுரங்கனே வந்து அந்த முள்ளை எடுத்தான் என்று அடியார்கள் சொல்வர். விட்டலனைத் திட்டிக்கொண்டே மலையேறியவரின் பாதத்தை விட்டலனே ஏந்தினான் என்பது அக்கதையின் அழகு.

தளர்ந்து விழுந்தவரைப் பற்றிப் பேசும்போது அவரைத் தாங்கி நிற்பவரை மறந்துவிடுகிறோம். துகாராமர் உயிரோடு இருந்து பாடுவதற்கு, தேடி அலைந்த தம்பியும் சோறு சுமந்த மனைவியும் காரணம். அவர்கள் பெரிய அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒருவர் தேடினார், மற்றவர் உணவு கொண்டு வந்தார்.

மீண்டும் சூழ்ந்த இருள்

ஒருமுறை எழுந்தவருக்கு மறுபடி வீழ்ச்சி வராது என்று நினைப்பது தவறு. வேதப் பொருளை மராத்தியில், அதுவும் வேளாண் குடியில் பிறந்தவர், பாடுவதா என்ற எதிர்ப்பு எழுந்தது. வாகோலியைச் சேர்ந்த பண்டிதர் ராமேசுவர பட்டர் தடை விதித்தார். அபங்க ஏடுகளைத் துகாராமர் இந்திராயணியில் இட வேண்டியதாயிற்று. முன்பு கடன் பத்திரங்களை அவரே விரும்பி எறிந்த அதே ஆற்றில், இப்போது உயிரினும் மேலான பாடல்கள் மூழ்கின.

அத்தடை தம் மனத்தைப் புண்படுத்தியது என்று அவரே கூறுகிறார். கோயில் வாயிலில் ஊண் நீரின்றி அமர்ந்தார். 13 நாட்கள் அவ்வாறு கிடந்தார் என்பது மரபு. இறைவன் இருக்கின்றானா, தம்மைக் கைவிட்டானா என்று அவனோடே வழக்காடும் பல அபங்கங்கள் அவர் பாடியவற்றுள் உண்டு. இரவும் பகலும் மனத்தோடு போர் செய்வதே தம் வாழ்வு என்றும் அவர் பாடியிருக்கிறார். இறைவனிடம் கோபித்துக்கொள்வதும் பிரார்த்தனையே என்பதை அப்பாடல்கள் காட்டுகின்றன. பேச்சு நின்றுபோவதைக் காட்டிலும் வழக்காடுவது மேல்.

ஏடுகள் நனையாமல் நீரின்மேல் மிதந்து வந்தன என்று அடியார்கள் நம்புகின்றனர். மக்கள் நாவில் அப்பாடல்கள் பதிந்துவிட்டமையால் அவை அழியவில்லை என்று கருதுவோரும் உண்டு. எவ்வாறாயினும், நாராயணன் தம்மைத் தேற்றினான் என்று துகாராமர் நன்றியோடு கூறுகிறார். தடை விதித்த ராமேசுவர பட்டரே பிறகு அவரது அடியார் ஆனார். தொலைவிலிருந்து கணவரோடு தேஹு வந்த பஹிணாபாய் என்ற பிராமணப் பெண் அவரைக் குருவாக ஏற்று, தாமும் கவிஞராக மலர்ந்தார்.

பிற்காலத்துப் பார்வை

தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்துப் பாடிய ஓர் அபங்கத்தில், நொடித்ததும் நன்று, பஞ்சம் வருத்தியதும் நன்று, அவற்றாலன்றோ இறைவனை நினைத்தேன் என்னும் கருத்தைத் துகாராமர் வெளியிடுகிறார். இதை நாம் கவனத்தோடு புரிந்துகொள்ள வேண்டும். துன்பத்தின் நடுவில் கிடந்தபோது அவர் இவ்வாறு பாடவில்லை. அதைக் கடந்து கரையேறிய பின்னரே பாடினார். தம் துன்பத்தைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டார்; துன்பப்படும் வேறொருவரிடம் சென்று உனக்கு நேர்ந்தது நன்றே என்று சொல்லவில்லை. துயருற்றோரையும் ஒடுக்கப்பட்டோரையும் தம்மவர் என்று அணைத்துக்கொள்பவனே சாது, இறைவன் அங்கே இருக்கிறான் என்பதே பிறருக்கு அவர் விடுத்த செய்தி.

பங்குனித் தேய்பிறைத் துவிதியை நாளில் துகாராமர் இவ்வுலகை நீத்தார். அது 1650 என்பர். 1649 எனக் கூறுவாரும் உளர். அந்நாள் துகாராம் பீஜ் என்ற பெயரில் தேஹுவில் கொண்டாடப்படுகிறது. அவர் மறைந்தபின் பிறந்த மகன் நாராயண மகராஜ், 1685இல் தந்தையின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏந்திப் பண்டரிபுரம் செல்லும் யாத்திரையைத் தொடங்கினார். ஆஷாட மாதந்தோறும் லட்சக்கணக்கானோர் இன்றும் அவ்வழி நடக்கின்றனர்.

1920இல் டாக்டர் அம்பேத்கர் தொடங்கிய மூக்நாயக் இதழின் முகப்பில் துகாராமரின் அபங்கம் இடம்பெற்றது. 1930இல் யெரவாடா சிறையில் இருந்த காந்தியடிகள், துகாராமரின் அபங்கங்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தளேகாவில் நெடுங்காலம் வாழ்ந்த மராத்தி எழுத்தாளர் கோ.நீ. தாண்டேகர் அவரது வாழ்வை நாவலாக எழுதினார். ஊர் முன் நிற்க நாணிய ஒருவரின் குரல் இத்தனை பேருக்குத் துணை நின்றிருக்கிறது.

நமக்கு உரிய பாடம்

மனச்சோர்வு ஒரு நோயாகவும் முற்றக்கூடும் என்பதை இன்றைய மருத்துவம் அறிந்திருக்கிறது. உறக்கம், பசி, வாழும் விருப்பம் ஆகியவை வாரக்கணக்கில் குன்றினால் மருத்துவரை நாட வேண்டும். மருந்து உண்பது பக்திக் குறைவு ஆகாது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசி உதவி பெறலாம். மலையில் கிடந்த துகாராமரைக் கான்ஹோபா தேடிச் சென்றது போல, தேடி வருவோரின் கையைப் பற்றிக்கொள்வதும் இறையருளை ஏற்பதே ஆகும்.

அதனுடன் துகாராமர் காட்டிய வழியையும் கடைப்பிடிக்கலாம். மனம் மலர்ந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் இடிந்து கிடக்கும் ஏதேனும் ஒன்றைச் சீர்செய்யலாம். நல்லோர் சொல் ஒன்றை மனப்பாடம் செய்யலாம். நால்வர் கூடிப் பாடும் இடத்தில் பின்னால் நின்று குரல் சேர்க்கலாம். யாருக்காவது ஒரு குடம் நீர் சுமந்து தரலாம். இன்று மனம் ஒட்டாவிட்டாலும் குற்றமில்லை. துகாராமருக்கும் தொடக்கத்தில் ஒட்டவில்லை.

தளேகாவ் வழியே பயணம் செய்வோர், இந்திராயணிக்கு அப்பால் எழும் பண்டாரா மலையைக் காணும்போது ஒரு கணம் கைகூப்பலாம். வாழ்வு முடிந்துவிட்டது என்று எண்ணி அங்கே அமர்ந்திருந்த ஓர் இளைஞருக்கு, கீழே ஊரில் இடிந்த சுவர் ஒன்று காத்திருந்தது. அவர் இறங்கிச் சென்று முதல் கல்லை எடுத்து வைத்தார். பாண்டுரங்கனின் அருள் அங்கிருந்தே அவரோடு நடந்தது. தளர்ந்த உள்ளங்கள் அனைத்துக்கும் அந்த அருள் துணை நிற்பதாக.